அடிமைக் கம்ப்யூட்டர்களும் சில பையன்களும்

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது வேறு கட்டுரை. "சார், நம்ம கம்ப்யூட்டர் லேப் வளர்ந்த கதையை ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்க" என்றார்கள். நானும் எழுத உட்கார்ந்தேன். முதல் கம்ப்யூட்டர் வந்த நாளில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவது போல உள்ளே போனது, ஃப்ளாப்பிக்குச் சட்டைப் பையில் இடம் போதாமல் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு வந்தது என்று சுவையாக எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் 2004-ம் ஆண்டு மார்ச் மாதத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்த மாதத்தை விட்டுவிட்டு எழுதினால் அது பொய் வரலாறு. அதைச் சொல்வதென்றால் ஜெர்மனி, அமெரிக்கா, நியூசிலாந்து என்று மூன்று தேசத்துப் பையன்களையும் சொல்லியாக வேண்டும். ஆகவே லேப் வளர்ந்த கதை அடுத்த மலருக்கு.

என்னைத் தெரியாத இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. 1977-80 இயற்பியல் அணியில் இங்கே படித்தவன். 1988 முதல் இங்கேயே ஆசிரியர். லேப் பொறுப்பு என்னிடம் பல ஆண்டுகள் இருந்தது. 2016-ல் ஓய்வு.

அந்த மார்ச்சில் நடந்தது இதுதான். லேபில் 24 மெஷின்கள், அத்தனைக்கும் சேர்த்து 64 கே.பி. லீஸ்டு லைன் ஒன்றே ஒன்று. இன்றைக்கு ஒரு செல்போனுக்கே அது காணாது; அன்றைக்கு அதுதான் நமக்குப் பெருமை. திடீரென்று ஒரு வாரம் லைன் அசையவில்லை. மெயில் திறக்கப் பத்து நிமிஷம். இரவு எட்டு மணிக்கு லேபைப் பூட்டப் போன அட்டெண்டர் வந்து, "சார், எல்லா மெஷினையும் ஆஃப் பண்ணிட்டேன், ஆனா அந்தப் பொட்டியில லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு மினுக்குது" என்றார். இரண்டு நாள் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு நாம் அனுப்பிய மெயில்கள் திரும்பி வரத் தொடங்கின. லைன் கொடுத்த கம்பெனியிலிருந்து போன். "உங்க கல்லூரியிலேர்ந்து ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல மருந்து விளம்பர மெயில் போகுது. உலகம் பூரா உங்க நம்பரைத் தடுத்து வெச்சிருக்காங்க" என்றார்கள்.

மருந்து விளம்பரமா? நாமா? யாரோ ஒரு பையனின் வேலை என்று நான் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். எந்தப் பையன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அதற்கு முன், இந்தக் குப்பை மெயில் வந்த வழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கேட்காமலே வந்து விழும் விளம்பர மெயிலுக்கு ஸ்பாம் என்று பெயர். முதல் ஸ்பாம் என்று சொல்லப்படுவது 1978 மே மாதம் போனது. அப்போது இன்டர்நெட் கிடையாது. அமெரிக்க ராணுவப் பணத்தில் ஓடிய ஆர்பாநெட் மட்டும்தான். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியின் விற்பனைக்காரர் கேரி தூர்க், தங்கள் புதுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வரச் சொல்லிச் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தைத் தட்டிவிட்டார். திட்டும் விழுந்தது, வியாபாரமும் நடந்தது. இரண்டாவது விஷயம்தான் ஆபத்தாகப் போயிற்று. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த வக்கீல் தம்பதி ஒன்று கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்தை ஆயிரக்கணக்கான செய்திக் குழுக்களில் கொண்டுபோய்க் கொட்டியது. அதன் பிறகு கட்டுப்பாடே இல்லை.

அந்தக் காலத்து மெயில் சர்வர்கள் வெள்ளந்தியானவை. யார் எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் வாங்கி அனுப்பிவிடும். ஊரில் சைக்கிளில் போகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த லெட்டரைப் பெட்டியில போட்டுடுங்க" என்று கொடுப்போமே, அந்த மாதிரி. விளம்பரக்காரர்கள் அந்த நல்ல மனதை ஏய்த்துப் பிழைத்தார்கள். சர்வர் நடத்தியவர்கள் விழித்துக்கொண்டு கதவை அடைத்தார்கள். குப்பை அனுப்பும் முகவரிகளைப் பட்டியல் போட்டுத் தடுத்தார்கள். ஒரே இடத்திலிருந்து லட்சம் கடிதம் அனுப்பினால் உடனே மாட்டிக்கொள்வான். அதனால் வியாபாரிக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஆயிரம் வீட்டுத் திண்ணையிலிருந்து வீட்டுக்கு நூறு கடிதம் போனால்? யாரைத் தடுப்பது? 2003 வாக்கில் மேலைநாட்டு வீடுகளில் ராத்திரி பகலாக அணையாத இன்டர்நெட் வந்துவிட்டது. வீட்டு விண்டோஸ் மெஷின்களுக்கோ பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் பரவிய சோபிக் என்ற வைரஸ் பற்றிக் கொண்ட மெஷின்களையெல்லாம் குப்பை மெயில் அனுப்பும் நிலையமாக மாற்றியது. இப்படி ஒருவன் சொல்லுக்கு ஆடும் அடிமைக் கம்ப்யூட்டர்களின் கூட்டத்துக்கு பாட்நெட் என்று பெயர்.

பையன்கள் இதற்குள் வந்தது வேறு வாசல் வழியாக. 1988-ல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினன் என்பவர் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை உருவாக்கினார். உலகம் முழுக்க மாணவர்கள் அதில் இரவிரவாக அரட்டை அடித்தார்கள். அரட்டை அறையை யார் ஆள்வது என்று சண்டை. எதிரியை அறையிலிருந்து தள்ளிவிட அவன் லைனை நெரிக்க வேண்டும். அதற்கு ஒரு மெஷின் போதாது, நூறு மெஷின் வேண்டும். எனவே ஊரார் மெஷின்களில் சிறு புரோகிராமை நுழைத்து, அவற்றை அதே ஐ.ஆர்.சி. அறைக்கு வரச் செய்து, ஒரு வரி கட்டளை தட்டினால் அத்தனையும் பாய்கிற மாதிரி செய்தார்கள். சத்தியமாக விளையாட்டுச் சண்டைதான். யார் படையில் எத்தனை மெஷின் என்பதே பெருமை. அந்தப் படையைப் பார்த்துவிட்டுத்தான் குப்பை மெயில் வியாபாரி வந்து விலை கேட்டான்.

நம் லேப் விவகாரத்துக்கு வருகிறேன். அந்த மாணவர் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு, விடுதிவாசி. பெயர் வேண்டாம். லேபில் நான்கு மெஷின்களில் எம்.ஐ.ஆர்.சி. என்ற அரட்டை மென்பொருளை எனக்குத் தெரியாமல் போட்டு வைத்திருந்தார். ஹேக்கர்கள் ஐ.ஆர்.சி. வழியாகத்தான் அடிமை மெஷின்களை ஆட்டி வைக்கிறார்கள் என்று நான் அந்த மாதம்தான் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அரைகுறைப் படிப்பு. முதல்வர் அறையில் போய், "சந்தேகமே இல்லை சார், இவன்தான்" என்றேன். மாணவர், "சார், நான் சாட்டிங் மட்டும்தான் சார் பண்ணினேன்" என்று நாலைந்து முறை சொன்னார். 15 வேலை நாள் நீக்கம். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் கையெழுத்து என்னுடையது. அதனால் வருகைப் பதிவு 75 சதவிகிதத்துக்குக் கீழே போய்விட்டது. கண்டோனேஷன் கொடுக்க நான் சிபாரிசு செய்யவில்லை. ஏப்ரல் தேர்வு எழுத முடியாமல் ஒரு வருஷம் போயிற்று. அவருடைய அப்பா ஒரு நாள் வந்து வராந்தாவில் தோளில் துண்டோடு நின்றார். உட்காருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை.

லேபின் 24 மெஷின்களையும் இரண்டு நாள் கண்விழித்து ஃபார்மட் செய்தோம். ஏப்ரலில் தொல்லை நின்றது. நம்முடைய நடவடிக்கையின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். அது கோடை விடுமுறைக்காக என் அறை மெஷினை அணைத்துவிட்டுப் போனதன் பலன் என்பது ஜூனில்தான் தெரிந்தது.

ஜூனில் கல்லூரி திறந்தது. என் மெஷின் மாட்டுவண்டி வேகத்தில் ஓடியது. பார்க்க வந்த இன்ஜினீயர் இளைஞர். ஐந்தே நிமிஷத்தில், "சார், ஷிம்காபின்னு ஒரு டி.எல்.எல். ஃபைல் கெடக்கு பாருங்க, மைடூம்" என்றார். ஃபைலின் தேதியையும் காட்டினார். 28.1.2004, காலை 11.40.

மைடூம் 2004 ஜனவரி 26-ம் தேதி உலகில் தலைகாட்டியது. நீங்கள் அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை, விவரம் இணைப்பில் காண்க என்பது போன்ற உத்தியோகபூர்வமான வாசகத்தோடு வரும். இணைப்பைத் திறந்தால் தீர்ந்தது. இதில் நயவஞ்சகம் என்னவென்றால், பிப்ரவரி 12-ம் தேதியோடு பரவுவதை நிறுத்திக்கொள்ளும்படி அதற்குள்ளேயே எழுதியிருந்தார்கள். ஆனால் அது திறந்துவிட்ட கொல்லைக் கதவு, 3127 என்ற எண்ணுள்ள கதவு, அப்படியே திறந்து கிடக்கும். தெருவில் போகிற எவனும் அந்தக் கதவைத் தேடிப் பார்த்து உள்ளே வந்து, தன் சரக்கை இறக்கிக் குப்பை மெயில் அனுப்பலாம். எனக்கு அந்த ஜனவரி மெயில் நன்றாக ஞாபகம் இருந்தது. போய்ச் சேராத மெயில் எதுவாக இருக்கும் என்று பதறி நான்தான் திறந்தேன். ஆன்டி வைரஸ் சந்தா முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டியவனும் நான்தான். என் மெஷினை மட்டும் நான் இரவில் அணைப்பதில்லை. பொறுப்பாளர் மெஷின் அல்லவா! அட்டெண்டர் பார்த்த மினுக்கல் என் அறைக்குப் போகும் வயருடையது. எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்ற வரைபடம் நம்மிடம் கிடையாது.

அதே மாதங்களில் ஜெர்மனியில் ஒரு பையன் செய்துகொண்டிருந்த காரியத்தைப் பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. வட ஜெர்மனியில் வாஃபன்சன் என்ற கிராமம். ஸ்வென் யாஷன், வயது 17, கம்ப்யூட்டர் படிக்கும் மாணவன். மைடூமும் அதன் பங்காளியான பேகிளும் மெஷின்களை நாசமாக்குவதைப் பார்த்து, அவற்றை அழிக்க இன்னொரு வைரஸ் எழுதினான். பெயர் நெட்ஸ்கை. அது ஒரு மெஷினில் நுழைந்தால் அங்கே இருக்கிற மைடூமைத் தேடிச் செயலிழக்க வைக்கும். பேகிள் எழுதியவர்களும் இவனும் தங்கள் வைரஸ்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் வசைபாடி வரிகள் எழுதி வைத்தார்கள். குழாயடிச் சண்டை தோற்றது. குப்பை மெயில்காரனை ஒழிக்கக் கிளம்பிய நெட்ஸ்கை தானும் மெயில் மெயிலாகப் பரவி, குப்பையை இரண்டு மடங்காக்கியது வேறு கதை. (அந்தப் பையனுடைய வைரஸ் என் மேஜைக்கு வந்திருந்தால் ஒருவேளை நம் மாணவர் தப்பித்திருப்பார். இப்படியும் ஒரு நப்பாசை.)

யாஷன் அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் கடைசியில், 18 வயது நிறைந்த கையோடு, சாஸர் என்பதை விட்டான். அதற்கு மெயிலே வேண்டாம். நெட்டில் இணைந்திருந்தாலே போதும். அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் ஏப்ரல் 13-ம் தேதியே கொடுத்திருந்தது. யார் போட்டார்கள்? பிரிட்டனின் கடலோரக் காவல் நிலையங்கள் காகித வரைபடத்தை விரித்துவைத்து வேலை பார்த்தன. பின்லாந்தில் ஒரு வங்கி 130 கிளைகளை மூடியது. 2004-ன் முதல் ஆறு மாதத்தில் உலகில் பதிவான வைரஸ் தொற்றில் 70 சதவிகிதம் இந்த ஒருவன் எழுதியது என்று சோஃபோஸ் நிறுவனம் கணக்குச் சொன்னது. மைக்ரோசாஃப்ட் அறிவித்த 2,50,000 டாலர் பரிசுக்காகத் தெரிந்தவர்களே காட்டிக்கொடுக்க, மே 7-ம் தேதி கைது. எழுதும்போது வயது 17 என்பதால் 2005 ஜூலையில் வேர்டன் நகரக் கோர்ட்டு இளையோர் சட்டப்படி விசாரித்தது. 21 மாதச் சிறை, ஆனால் நிறுத்தி வைக்கப்பட்டது. 30 மணி நேரம் சமூகசேவை. அவ்வளவுதான். ஒரு பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அவனுக்கு வேலையும் கொடுத்தது.

காசு வாங்கியவன் கதை கலிபோர்னியாவில். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் டவுனி என்ற ஊர். ஜீன்சன் ஜேம்ஸ் அன்செட்டா, படிப்பைப் பாதியில் விட்டவன், இன்டர்நெட் கஃபேயில் வேலை பார்த்தவன். 2004-ல் தொடங்கும்போது வயது 19. ஆர்எக்ஸ்பாட் என்ற ஊரறிந்த புரோகிராமை வெட்டி ஒட்டித் தனக்கென ஒரு படை திரட்டினான். எதையும் புதிதாகக் கண்டுபிடித்தவனல்ல. நம் ஊர்ப் பையன் ஒருவன் பழைய வினாத்தாளைத் திருத்திப் பிட் எழுதுவது போலத்தான். ஐ.ஆர்.சி.யில் ஒரு அறை திறந்து, விலைப்பட்டியலே வைத்தான். குப்பை மெயில் அனுப்ப இத்தனை மெஷின், ஒரு இணையதளத்தை முடக்க இத்தனை மெஷின் என்று ஆலோசனையும் சொல்வான்! குற்றப்பத்திரிகையை நான் நிதானமாகப் படித்தேன். குப்பை மெயில்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் முப்பது தடவைக்கு மேல் மெஷின்களை விற்றதில் அவனுக்குக் கிடைத்தது சுமார் 3,000 டாலர்தான். பெரிய காசு வேறு வழியில் வந்தது. பிடித்த மெஷின்களில் விளம்பர மென்பொருளை இறக்கினால் விளம்பரக் கம்பெனிகள் மெஷினுக்கு இவ்வளவு என்று கமிஷன் தரும். சுமார் 4,00,000 மெஷின்கள், 1,07,000 டாலருக்கு மேல். அந்தக் கம்பெனிகளுக்கு அலுவலகமும் இருந்தது, கணக்குப் பிள்ளையும் இருந்தார்.

அவன் வலையில் விழுந்த மெஷின்களில் சைனா லேக் கடற்படை ஆயுத மையத்தினுடையவையும் இருந்தன. 2005 நவம்பரில் எஃப்.பி.ஐ. கைது செய்தது. 2006 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மே மாதம் 57 மாதச் சிறைத் தண்டனை. வைரஸ் பரப்பிய குற்றத்துக்கு அதுவரை யாரும் இவ்வளவு வாங்கியதில்லை. 1993 மாடல் பி.எம்.டபிள்யூ காரும் சுமார் 60,000 டாலர் ரொக்கமும் பறிமுதல். அவனோடு கூட்டுச் சேர்ந்த புளோரிடாப் பையன் சோபி என்ற புனைபெயர்க்காரன். 18 நிரம்பாதவன் என்பதால் கோர்ட்டு பெயரை வெளியிடவில்லை. அந்தச் சின்ன மரியாதையைக்கூட நான் நம் மாணவருக்குச் செய்யவில்லை. பலகையில் பெயர், வகுப்பு, பதிவெண் எல்லாம் போட்டிருந்தேன்.

மூன்றாவது ஆள் நியூசிலாந்தில். கோரமாண்டல் தீபகற்பத்தில் ஃபிட்டியாங்கா என்ற சிற்றூர். (அந்தப் பெயர் நம் சோழ மண்டலத்திலிருந்து போனது, அக்கரையில் நங்கூரம் போட்ட பிரிட்டிஷ் கப்பலின் பெயர் கோரமாண்டல்.) ஓவன் வாக்கர், வைத்துக்கொண்ட பெயர் ஏகில். 2007 நவம்பரில் போலீஸ் அவன் வீட்டுக்குப் போனபோது வயது 18. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தவன். அவன் எழுதிய புரோகிராம் பிடித்த மெஷின்கள் 13 லட்சம் என்றார்கள். 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சர்வர் படுத்துப் போனதில்தான் துப்புக் கிடைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டும், 2008 ஜூலையில் நீதிபதி ஜூடித் பாட்டர் தண்டனைப் பதிவு இல்லாமலே விட்டார். நஷ்டஈடும் செலவுமாகச் சுமார் 14,500 நியூசிலாந்து டாலர் கட்டினால் போதும். பையனுக்கு எதிர்காலம் இருக்கிறது, குற்றப்பதிவு அதைக் கெடுக்கும் என்பது நீதிபதியின் கருத்து. அது சரியா தப்பா என்று நண்பர்களோடு கான்டீனில் வாதாடியிருக்கிறேன். தப்பு என்பவர்கள்தான் அதிகம். நான் நீதிபதி கட்சி. காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இந்தப் பையன்களையெல்லாம் பிடித்த பிறகு குப்பை நின்றதா? இல்லை. நின்றது போலத் தோன்றியது ஒரே ஒரு தடவை. 2008 நவம்பர் 11-ம் தேதி கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் மெக்கோலோ என்ற சர்வர் வாடகைக் கம்பெனியின் இணைப்பைத் துண்டித்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பிரையன் கிரெப்ஸ் ஆதாரங்களைக் காட்டி, அதற்கு லைன் கொடுத்தவர்களிடம் கேட்டதன் விளைவு அது. பெரிய பாட்நெட்களின் மூளை அங்கேதான் இருந்திருக்கிறது. ஒரே ராத்திரியில் உலகத்துக் குப்பை மெயில் பாதிக்கும் கீழே விழுந்தது. எந்தப் பையன் கைதானபோதும் இப்படி விழவில்லை. சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கைக் கணக்குப் போட்டார்கள். ஸ்டார்ம் என்ற பாட்நெட்டுக்குள் நுழைந்து, அது அனுப்பும் மருந்து மெயில்களைத் தங்கள் போலிக் கடைக்குத் திருப்பிவிட்டார்கள். 26 நாளில் சுமார் 35 கோடி மெயில். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். நம் கல்லூரியிலிருந்து அந்த மார்ச் மாதம் போன மெயில்களைப் பார்த்து யாராவது ஒருவர் மருந்து வாங்கியிருப்பாரா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருக்காது.

பிற்காலத்தில் மெயில் போய், வீட்டுக் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்த மிராய் வந்தது, 2016-ல். அதை எழுதிய மூவரில் பராஸ் ஜா அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர். தன் கல்லூரி நெட்வொர்க்கையே பலமுறை முடக்கியவர். மூவருக்கும் சிறை இல்லை. 2018-ல் நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணி நேரச் சேவையும் விதித்து எஃப்.பி.ஐ.க்கு உதவச் சொன்னார்கள். ரட்கர்ஸ் வழக்கில் ஜாவுக்கு ஆறு மாத வீட்டுக்காவல் தனி.

2004 ஜூனில், ஃபைல் தேதியைப் பார்த்த அன்றே முதல்வரிடம் போனேன். "விடுங்க சார், லேப்ல சாட்டிங் பண்ணினது தப்புதானே" என்றார். நானும் விட்டுவிட்டேன். அறிவிப்பைத் திரும்பப் பெறவில்லை. மாணவரைக் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. அவர் அடுத்த இரண்டு வருஷமும் என் வகுப்பில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். ஒரு கேள்வி கேட்டதில்லை. லேபில் தனக்கு ஒதுக்கிய நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் இருந்ததில்லை. 2005-ல் முடிக்க வேண்டியவர் 2006-ல் பட்டம் வாங்கிப் போனார்.

போன மாதம் சங்கத்தின் முகவரிப் பட்டியலை மலர்க் குழுவினரிடம் வாங்கிப் பார்த்தேன். அவர் பெயர் இருக்கிறது, ஆயுள் உறுப்பினர். இந்த மலர் அவருக்கும் தபாலில் போகும். தம்பி, அது நீங்கள் செய்ததல்ல. என் மேஜையில், என் கையால் நடந்தது. அந்தத் தாளின் நகலும் இன்ஜினீயர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டும் என்னிடம் இருக்கின்றன. விழாவன்று காலை பத்து மணியிலிருந்து பழைய லேப் வாசலில், இரண்டையும் வைத்துக்கொண்டு இருப்பேன். அப்பாவையும் அழைத்து வர முடிந்தால் அழைத்து வாருங்கள்.